ஓடர் மெயில் ஸ்பாமுக்குள் போகிறது: ஹோஸ்டிங்கா, ஜிமெயிலா, தனிச் சேவையா?

கிளிநொச்சியில் இரவு இரண்டரை என்றால் ரொறன்ரோவில் கோடைகாலத்துப் பின்னேரம் ஐந்து மணி. வேலை முடிந்து ரயிலில் வீட்டுக்குப் போகிறவர்கள் போனைத் தட்டி, விசுவமடுவில் இருக்கும் அம்மாவுக்கு அரிசியும் மாவும் பால்மாவும் ஓடர் பண்ணுகிற நேரம் அது. ஏ9 வீதியோரம் இருக்கும் ஒரு பலசரக்குக் கடைக்கு அப்படியொரு வெப்சைட் செய்து கொடுத்தவன் நான். காசு அங்கே வெட்டுப்படும், சாமான் இங்கே ஓட்டோவில் போகும், நடுவில் இரண்டு மெயில் தானாகப் போகவேண்டும். ஓடர் கிடைத்தது என்று ஒன்று, சாமான் கொடுத்தாயிற்று என்று அம்மா பையோடு வாசலில் நிற்கும் படத்துடன் மற்றது.

இரண்டும் ஸ்பாமுக்குள் போய்க்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. தெரிந்தது ஒரு இரவு இரண்டரைக்குக் கடைக்கார அண்ணை எடுத்தபோதுதான்.

"தம்பி, நித்திரையோ? கனடாவில இருந்து ஒரு பிள்ளை எடுத்து ஏசுது. காசு வெட்டுப்பட்டிட்டாம், மெயில் ஒண்டும் வரேல்லையாம். இது உண்மையான கடைதானோ எண்டு கேக்குது."

ஸ்பாமுக்குள் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். அங்கேதான் கிடந்தது, இரண்டு மாதத்துக்கு முந்திய ஓடரின் மெயிலும் சேர்த்து. அந்த இரவிலிருந்து இரண்டு கிழமை எனக்கு வேறு வேலை ஓடவில்லை. ஒவ்வொரு வழியாகப் போட்டுப் பார்த்தேன், சிலதைக் கணக்குப் பார்த்துவிட்டே விட்டேன். இதே நிலையில் இருக்கும் சின்னக் கடை, ரியூசன் சென்ரர், விடுதி நடத்துகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் ஒரு விசயம் விளங்கவேண்டும், இல்லாவிட்டால் எதை எடுத்தாலும் பயனில்லை. இங்கே எந்தக் கந்தோருக்குப் போனாலும் விதானையாரின் கடிதம் கேட்பார்கள், கடிதத்தில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒரு எழுத்து மாறிவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். மெயில் வாங்கும் சேர்வர்களும் இப்போது அதே ஆட்கள்தான். அவர்கள் பார்க்கும் கடதாசி மூன்று. எஸ்பிஎஃப் என்பது என் டொமைன் (வெப்சைட்டின் இணையப் பெயர்) பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்தச் சேர்வருக்கு உரிமை உண்டு என்கிற பட்டியல், வாக்காளர் இடாப்பு மாதிரி, டொமைனின் விபரங்களை உலகமே பார்க்க எழுதிவைக்கும் பதிவேடான டிஎன்எஸ்ஸில் ஒரே ஒரு வரி. டிகிம் என்பது ஒவ்வொரு மெயிலிலும் குத்துகிற முத்திரை. குத்துகிற அச்சு அனுப்புகிற சேர்வரிடம் இரகசியமாக இருக்கும், சரிபார்க்கிற அச்சு டிஎன்எஸ்ஸில் எல்லோரும் பார்க்க இருக்கும், வழியில் யாராவது உள்ளே கைவைத்தால் முத்திரை பொருந்தாது. மூன்றாவது டிமார்க். வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிகிற அனுப்புநர் முகவரியின் டொமைனும், இடாப்பிலோ முத்திரையிலோ உள்ள டொமைனும் ஒன்றுதானா என்று அது பார்க்கும், பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்றும் சொல்லும்: சும்மா விடு, ஸ்பாமில் போடு, அல்லது வாசலிலேயே திருப்பு.

கடைசிச் சோதனையில்தான் அனேகமானவர்கள் விழுகிறார்கள். இடாப்பில் பெயர் இருக்கும், முத்திரையும் சரியாக இருக்கும், ஆனால் அது ஹோஸ்டிங் கொம்பனியின் டொமைனுடைய முத்திரையாக இருக்கும், அனுப்புநர் இடத்தில் நிற்பது கடையின் பெயர்.

முன்பெல்லாம் இவை இல்லாமலும் மெயில் போனது. 2024 பெப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இறுக்கிவிட்டார்கள். நாளுக்கு 5000 மெயிலுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவருக்கு மூன்றும் கட்டாயம். எங்களைப் போல நாளுக்கு முப்பது நாற்பது அனுப்புகிறவரும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் இரண்டில் ஒன்றாவது வைத்திருக்கவேண்டும், அனுப்பும் சேர்வரின் ஐபி இலக்கத்துக்கு, அது எந்தப் பெயருக்குரியது என்று காட்டும் பின்னோக்கிய டிஎன்எஸ் பதிவும் இருக்கவேண்டும், ஸ்பாம் என்று அமத்துகிறவர்கள் 0.3 வீதத்தைத் தொடக்கூடாது. ஆயிரம் பேரில் மூன்று பேர் கோபத்தில் அமத்தினாலே கதை முடிந்தது என்று அர்த்தம். 2025 மே மாதத்திலிருந்து மைக்ரோசொஃப்ட்டும் ஹொட்மெயில், அவுட்லுக் பெட்டிகளுக்கு அதே 5000 கணக்கில் விதி கொண்டுவந்தது. புலம்பெயர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் அந்தப் பழைய ஹொட்மெயிலை வைத்திருக்கிறார்கள் என்பது அவர்களோடு வியாபாரம் செய்கிறவருக்குத் தெரியும்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

ஒன்றும் செய்யாமல் விடுவதும் ஒரு வழிதான், நாங்கள் இருந்தது அதில். வெப்சைட் கட்டும் வேர்ட்பிரஸ் போட்டு, அதில் கடை நடத்த உதவும் வூகொமர்ஸ் ஏற்றினால் மெயில் தானாகப் போகத் தொடங்கிவிடும், அது எழுதப்பட்ட பிஎச்பி மொழியின் மெயில் ஃபங்ஷன் ஊடாக, ஹோஸ்டிங் சேர்வரிலிருந்தே. அனுப்புநர் முகவரியை நீங்கள் மாற்றாவிட்டால் வூகொமர்ஸ் நிர்வாகியின் முகவரியை எடுத்து அந்த இடத்தில் போட்டுவிடும். எங்கள் நிர்வாகி முகவரி என்ன? அண்ணையின் ஜிமெயில். ஆக, ஜிமெயிலுக்கு ஒரு சம்பந்தமும் இல்லாத ஒரு சேர்வர் தன்னை ஜிமெயில் என்று சொல்லிக்கொண்டு ஜிமெயிலின் வாசலிலேயே போய் நின்றிருக்கிறது. வீட்டுக்காரனிடமே போய் நான்தான் இந்த வீட்டுக்காரன் என்று சொன்ன கதை. ஸ்பாமில் போட்டதோடு விட்டார்களே என்று நினைக்கவேண்டும். இது இரண்டு மாதமாக என் கண்ணில் படவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன், சோதித்துப் பார்க்கும்போது அண்ணையின் முகவரிக்கே அனுப்பினேன், அவர் போனில் எல்லாம் ஸ்பாம் இல்லை என்று முன்பே யாரோ அமத்தி வைத்திருந்தார்கள்.

கொன்டக்ட் ஃபோமிலும் இதன் தம்பி ஒருவன் இருக்கிறான். எழுதுகிறவரின் முகவரியையே அனுப்புநராகப் போடுகிற பழக்கம். பதில் எழுத வசதி என்று செய்கிறார்கள், ஆனால் அது ஊரார் பெயரில் கள்ளக் கடிதம் எழுதுவதுதான். அனுப்புநர் எப்போதும் உங்கள் டொமைனாக இருக்கட்டும், எழுதியவரின் முகவரி ரிப்ளை-ரூ இடத்தில் இருக்கட்டும்.

அடுத்த வழி, ஹோஸ்டிங்கிலேயே கடையின் டொமைனில் ஒரு உண்மையான பெட்டி திறந்து, அதன் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு எஸ்எம்டிபி பிளகினில் (கணக்குக்குள் நுழைந்து மெயில் அனுப்ப வேர்ட்பிரஸ்ஸில் சேர்க்கும் சிறு மென்பொருள்) கொடுத்து அனுப்புவது. மேலதிகச் செலவு சதம் இல்லை. ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சீபனல் திரை இருந்தால் ஈமெயில் டெலிவரபிளிட்டி என்கிற பக்கத்தில் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டையும் ஒரே பொத்தானில் போட்டுக்கொள்ளலாம். நான் முதலில் செய்தது இதைத்தான், பொத்தானை அமத்தினேன், பச்சைச் சரி விழவேயில்லை. அரை நாள் தலையைப் பிய்த்த பிறகுதான் எங்கள் டொமைனின் டிஎன்எஸ் ஹோஸ்டிங்கில் இல்லை, க்ளவுட்ஃப்ளேர் என்கிற வேறு சேவையில் இருக்கிறது என்பது ஞாபகம் வந்தது. சீபனல் தன் வீட்டுச் சுவரில் எழுதிக்கொண்டிருந்தது, உலகம் பார்ப்பது வேறு சுவர். அந்த நீண்ட எழுத்துவரிசையை எடுத்துக்கொண்டுபோய்க் கையால் ஒட்டவேண்டும், அவ்வளவுதான்.

ஒட்டிய பிறகு நிலைமை உண்மையிலேயே திருந்தியது. ஜிமெயிலில் மூன்று புள்ளியை அமத்தி அசலைக் காட்டு என்பதைத் திறந்தால் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டும் பாஸ் என்று நின்றன. இதோடு நிறுத்திக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். பலருக்கு நிறுத்தலாம், அதை மறைக்க விருப்பமில்லை. எங்களுக்கு இடித்தது ஐபி. மலிவான ஹோஸ்டிங்கில் ஒரே ஐபியில் நூற்றுக்கணக்கான தளங்கள் குந்தியிருக்கும். பக்கத்துத் தளம் ஒன்றை யாரோ உடைத்து அதிலிருந்து குப்பை மெயில் அள்ளி வீசினால், ஸ்பாம்ஹவுஸ் போன்ற கறுப்புப் பட்டியல்களில் ஏறுவது அந்த ஐபி, அதாவது நீங்களும். ஒரு கிழமை எங்களுக்கு அப்படி நடந்தது. ஹோஸ்டிங்காரருக்கு எழுதினேன், பார்க்கிறோம் என்றார்கள், பார்த்தார்கள், நாலு நாள் போனது. அந்த நாலு நாளும் இரவு இரண்டரைக்குப் போன் வந்தது.

ஜிமெயில் ஊடாகவே அனுப்புவது மூன்றாவது வழி. கேட்டவுடன் எல்லோருக்கும் பிடிக்கும், கூகுளின் சேர்வர் போகிற இடத்தில் கறுப்புப் பட்டியல் பயம் ஏது என்று. கூகுள் கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டு, ஆப் பாஸ்வேர்ட் என்று 16 எழுத்து ஒன்றை எடுத்து பிளகினில் ஒட்டவேண்டும். சாதாரண கடவுச்சொல்லைக் கொடுத்து வேலை வாங்கும் பழைய வசதியை 2022இல் எடுத்துவிட்டார்கள். இலவசக் கணக்கில் நாளுக்கு 500 பேர், காசு கட்டும் வேர்க்ஸ்பேஸில் 2000. எங்கள் அளவுக்கு 500 தாராளம்.

இதை ஒரு தூர உறவுக்காரரின் ரியூசன் சென்ரருக்கு நான் முன்பே போட்டுக் கொடுத்திருக்கிறேன், இன்றும் ஓடுகிறது, அவர்களுக்கு அது போதும். கடைக்கு ஏன் வேண்டாம் என்றேன் என்றால், இலவசக் கணக்கில் மெயில் கடையின் டொமைன் பெயரில் போகாது, ஜிமெயில் முகவரியில்தான் போகும். முன்பின் தெரியாத ஒருவர் கடன் அட்டையால் நூறு டொலர் கட்டிவிட்டுப் பார்க்கும்போது, வெப்சைட்டின் பெயர் ஒன்று, மெயில் வந்த பெயர் இன்னொன்று. உண்மையான கடைதானோ என்கிற கேள்வி திரும்பவும் அங்கேதான் வந்து நிற்கும். இன்னொரு பொறியும் உண்டு. கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினால் ஆப் பாஸ்வேர்ட் எல்லாம் செத்துவிடும். ரியூசன் சென்ரரில் அதுதான் நடந்தது, மருமகன் பிள்ளை பாதுகாப்புக்கென்று நல்ல மனதோடு கடவுச்சொல்லை மாற்றினான், நாலு நாளாகப் பதிவு செய்த பிள்ளைகள் ஒருவருக்கும் மெயில் போகவில்லை, ஒரு சத்தமும் இல்லை. மெயில் ஸ்பாமில் விழுவதைவிட மோசம் இந்த அமைதி.

நாலாவதுதான் நான் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம்: மெயில் அனுப்புவதையே தொழிலாக வைத்திருக்கும் சேவை ஒன்று. உங்கள் டொமைன் பெயரில், உங்கள் முத்திரையோடு, அவர்களின் சேர்வரிலிருந்து போகும். இதற்குள்ளே தெரிவு நிறைய இருப்பதால் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும்.

அமேசன் எஸ்இஎஸ் விலையில் யாரும் கிட்ட வரமுடியாது. ஆயிரம் மெயிலுக்கு 10 சதம், அதுவும் அமெரிக்கச் சதம். மும்பையிலும் அவர்களுக்குச் சேர்வர் நிலையம் உண்டு. ஆனால் கணக்குத் திறந்தவுடன் ஒரு வேலிக்குள் விடுவார்கள், நாளுக்கு 200 மெயில், அதுவும் நீங்கள் முன்கூட்டியே உறுதிப்படுத்திய முகவரிகளுக்கு மட்டும். வேலியைத் திறக்க விண்ணப்பம் எழுதவேண்டும், என்ன மெயில், யாருக்கு, முகவரி எப்படிக் கிடைத்தது, திரும்பி வருகிற மெயிலை என்ன செய்வீர்கள் என்று விளக்கமாக. அதற்குப் பிறகும் திரும்பி வருவது 5 வீதத்தைத் தாண்டினால் கணக்கைப் பரிசீலனைக்கு எடுப்பார்கள், 10ஐத் தாண்டினால் நிறுத்தவும் கூடும். புரோகிராம் எழுதத் தெரிந்தவர் பக்கத்தில் நிரந்தரமாக இருந்தால் இதைவிட நல்ல பேரம் இல்லை. நான் நிரந்தரமாகப் பக்கத்தில் இல்லை, பாதி நாள் வவுனியாவில்.

பிரேவோ, முன்பு சென்டின்புளூ என்று இருந்தது, நாளுக்கு 300 மெயில் இலவசம். பிளகின் உண்டு, திரை விளங்கும், கடையில் நிற்கும் தங்கச்சிக்கே காட்டிக்கொடுக்கலாம். விளம்பர மெயிலும் ஓடர் மெயிலும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பதை வசதி என்பவர் உண்டு, நான் அதைத்தான் பயப்படுகிறேன், அதற்குப் பிறகு வருகிறேன்.

போஸ்ட்மார்க் ஓடர் மெயிலுக்கென்றே பெயரெடுத்தது. ஓடர் மெயில் ஒரு பாதை, விளம்பர மெயில் வேறு பாதை என்று உள்ளேயே பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மெயிலும் எத்தனை மணிக்குப் போனது, மற்றப் பக்கம் என்ன பதில் சொன்னது என்று 45 நாளுக்குத் தேடிப் பார்க்கலாம். மாதம் 100 மெயில் இலவசம், அதற்கு மேல் 10,000க்கு 15 டொலர் என்றுதான் நான் பார்த்தபோது இருந்தது. லண்டனில் ஒரு கடைக்கு அது ஒரு மதியச் சாப்பாடு. இங்கே அண்ணை அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்தக் காசுக்கு நான் ஒவ்வொருத்தருக்கும் போன் எடுத்தே சொல்லலாம்" என்றார். பிழை சொல்லமுடியாது.

செப்டோமெயில் சோஹோ என்கிற மென்பொருள் கொம்பனியுடையது. மாதக் கட்டணம் இல்லை, 10,000 மெயிலுக்கு 2.50 டொலர் கட்டி வாங்கி வைத்துக்கொள்ளலாம், ஆறு மாதத்துக்குள் பாவிக்கவேண்டும். எங்கள் கணக்குக்கு மாதம் 1200 போகும், ஆறு மாதத்துக்கு 7200, ஆக வருடத்துக்கு 5 டொலர். ஓடர், கடவுச்சொல் மாற்றம் மாதிரியான தானியங்கி மெயிலுக்கு மட்டும், விளம்பரம் அனுப்பத் தடை. தென்காசியிலும் அலுவலகம் வைத்திருக்கும் கொம்பனி என்று சொன்னதும் அண்ணைக்கு அதிலொரு சந்தோசம், ஆனால் நான் எடுத்தது அதற்காக இல்லை, அந்தத் தடைக்காக.

ஏனென்றால் தைப்பொங்கலுக்கு முதல் கிழமை அண்ணை என்ன செய்தார் தெரியுமா? இதுவரை ஓடர் பண்ணிய எல்லோருடைய முகவரியையும் தங்கச்சியைக் கொண்டு எடுப்பித்து, ஓடர் மெயில் போகும் அதே முகவரியிலிருந்து பொங்கல் பானை, சர்க்கரை, பயறு எல்லாம் சேர்த்த பொதி பற்றி ஒரே அடியாக அனுப்பிவிட்டார். சிலர் வாங்கினார்கள், உண்மை. சிலர் ஸ்பாம் என்று அமத்தினார்கள், அதுவும் உண்மை, நிறுத்தச் சொல்லி அமத்த ஒரு இணைப்புக்கூட அதில் இல்லாதபோது வேறு எதை அமத்துவார்கள்? அடுத்த நாள் ஒழுங்காகக் காசு கட்டியவருக்குப் போன ஓடர் மெயிலும் அந்தக் கோபத்தில் சேர்ந்து ஸ்பாமுக்குள் போனது. ஒரே சாக்கில் மீனையும் சீனியையும் கட்டி அனுப்பினால் சீனி மணக்கத்தான் செய்யும். இப்போது விளம்பரம் வேறு துணை டொமைனில், பிரேவோ ஊடாக, விலகும் இணைப்போடு போகிறது. ஓடர் மெயில் செப்டோமெயிலில். அண்ணை ஆசைப்பட்டாலும் இரண்டையும் கலக்க விடமாட்டார்கள், அந்த வேலி எனக்கு வேண்டியிருந்தது.

சொந்தமாக ஒரு விபிஎஸ் (வாடகைச் சேர்வர்) எடுத்து, மெயில் அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸை ஏற்றி நாமே அனுப்புவது என்று ஒரு வழி இருக்கிறது. அறிவியல்நகர் பொறியியல் பீடத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் என்னோடு அதற்காக வாதாடினார்கள். படிக்க நல்ல வேலை, கடைக்கு வேண்டாம். பெரிய க்ளவுட் கொம்பனிகள் பலவற்றில் மெயில் வெளியே போகும் 25ஆம் இலக்க வாசல் ஆரம்பத்திலேயே பூட்டு. திறப்பித்தாலும் புது ஐபிக்குப் பெயர் இருக்காது, கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பிப் பெயரெடுக்கவேண்டும். நாளுக்கு முப்பது மெயில் போகிற இடத்தில் அந்தப் பெயர் வளரவே வளராது.

மெயிலே வேண்டாம், எஸ்எம்எஸ் போதும் என்பவர்களும் உண்டு. சாமான் வாங்கும் பக்கத்துக்கு அது சரிதான், புதுக்குடியிருப்பில் இருக்கும் அம்மா மெயில் பார்க்கமாட்டா, ஓட்டோ வெளிக்கிட முன் ஒரு எஸ்எம்எஸ் போகிறது, உள்வீதியில் சிக்னல் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் போன். தமிழில் அனுப்பினால் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 எழுத்துத்தான், ஆங்கிலத்தில் 160, ஆகவே சுருக்கமாக எழுதப் பழகவேண்டும், இல்லாவிட்டால் ஒன்றுக்கு மூன்றாகக் காசு போகும். காசு கட்டும் பக்கத்துக்கு எஸ்எம்எஸ் சரிவராது. வெளிநாட்டு இலக்கத்துக்கு அனுப்பும் செலவு ஒன்று, கடன் அட்டைப் பற்றுச்சீட்டு மெயிலில் இருக்கவேண்டும் என்று அவர்கள் எதிர்பார்ப்பது இன்னொன்று.

சேவையை மாற்றிய அன்று பாதி நாள் டிஎன்எஸ்ஸோடுதான் போனது, கவனிக்கவேண்டிய இடங்களைச் சொல்லிவிடுகிறேன். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் வரி ஒன்றுதான் இருக்கலாம். புதுச் சேவைக்காரர் தரும் வரியைப் பழையதன் கீழே இரண்டாவதாக ஒட்டினால் இரண்டும் செல்லாது, உள்ளே சேர்த்து ஒரே வரியாக்கவேண்டும். அதிலும் வேறு டிஎன்எஸ் பதிவுகளைத் தேடவைக்கும் இணைப்புகள் பத்துக்கு மேல் போகக்கூடாது, பாவிக்காத பழைய சேவைகளின் பெயரை எடுத்துவிடுங்கள். டிகிம் பதிவை சீநேம் வகையில் (வேறொரு பெயரைக் கைகாட்டும் பதிவு) தந்தால் க்ளவுட்ஃப்ளேரில் அதன் பக்கத்தில் நிற்கும் செம்மஞ்சள் மேகத்தை அமத்திச் சாம்பல் நிறமாக்கிவிடவேண்டும். எஸ்பிஎஃப்பை மட்டும் நம்பாதீர்கள், பழைய ஹொட்மெயிலிலிருந்து ஜிமெயிலுக்குத் தானாக அனுப்ப வைத்திருக்கும் ஆட்களிடம் போகும்போது இடாப்பு உடைந்துவிடும், முத்திரை மட்டுமே தப்பும். டிமார்க்கை முதலில் சும்மா விடு என்ற நிலையில் வைத்து, அறிக்கை வரும் முகவரியை மட்டும் கொடுங்கள். எங்கள் அறிக்கையில் ஹோஸ்டிங்கின் ஐபி திரும்பத் திரும்ப வந்தது, தேடினால் கொன்டக்ட் ஃபோம் பிளகின் மட்டும் பழைய வழியாலேயே அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதைத் திருத்தி ஒரு மாதம் பார்த்த பிறகுதான் ஸ்பாமில் போடு என்று மாற்றினேன்.

இவ்வளவும் பாஸ் ஆன பிறகும் இரண்டாவது மெயில், அம்மாவின் படத்தோடு போவது, சிலருக்கு ஸ்பாமிலேயே விழுந்தது. சேவையின் பதிவில் டெலிவேர்ட் என்று இருந்தது, அந்தச் சொல்லுக்கு மற்றப் பக்கச் சேர்வர் வாங்கிக்கொண்டது என்றுதான் பொருள், எந்தப் பெட்டியில் போட்டது என்பது அதில் இல்லை. திறந்து பார்த்தால் மெயிலில் ஒரு வசனம்கூட இல்லை, ஐந்து எம்பி படம் ஒன்று, கீழே கூகுள் மேப் இடத்தைச் சுருக்கிய இணைப்பு ஒன்று. குப்பை மெயிலுக்கு இதைவிட நல்ல மாதிரி செய்யமுடியாது. இப்போது ஓடர் இலக்கம், என்னென்ன சாமான், யாரிடம் எத்தனை மணிக்குக் கொடுத்தது என்று நாலு வரி எழுத்து, சின்னதாக்கிய படம், இணைப்பு என்றால் கடையின் டொமைனிலேயே. சாமான் பெயர்களில் வேறொரு கூத்து. தங்கச்சி பழைய கணினியில் யுனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் அடித்து ஒட்டியிருந்தாள், கடைத் திரையில் வடிவான தமிழ், வாங்குகிறவரின் மெயிலில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த உளறல். மனிசனுக்கே விளங்காத அதை வடிகட்டி என்னவென்று நம்பும்? எல்லாவற்றையும் யுனிகோடில் திரும்ப அடிப்பித்தோம். தலைப்பு வரியில் தமிழ் போடுவதில் பிழையில்லை, ஆனால் கையால் எழுதிய பழைய பிஎச்பி என்றால் தலைப்பை முறைப்படி குறியாக்கம் செய்கிறதா என்று பாருங்கள், பச்சையாக அனுப்பினால் கட்டம் கட்டமாகப் போய்ச் சேரும்.

அனுப்புநர் முகவரியைப் பதில் எழுதமுடியாத ஒன்றாக வைக்கவேண்டாம் என்பதும் என் எண்ணம். ஆட்கள் நன்றி எழுதுகிறார்கள், அம்மா மெலிந்துவிட்டாவா என்று கேட்கிறார்கள், பதில் போகிற முகவரியை மெயில் பெட்டிகளும் தெரிந்த ஆளாகவே பார்க்கின்றன.

கணக்காகச் சொன்னால், நாளுக்குப் பத்து மெயில், பெயரைப் பற்றிக் கவலையில்லை என்றால் ஜிமெயில். டொமைன் பெயரில் போகவேண்டும், காசு செலவழிக்க விருப்பமில்லை, ஹோஸ்டிங் நல்லது என்றால் அங்கேயே பெட்டி திறந்து டிகிம் போடுங்கள். மெயில் போகாவிட்டால் காசு நிற்கும் என்கிற இடத்தில் தனிச் சேவை, அதில் எது என்பது இரவில் யார் எழும்பிப் பார்க்கப் போகிறார் என்பதைப் பொறுத்தது.

போன கிழமை இரண்டரைக்குத் திரும்பவும் போன் அடித்தது. மெயில்தான் என்று படுக்கையில் இருந்தபடியே லப்டொப்பைத் திறந்தேன்.

"மெயில் வந்திட்டுதாம் தம்பி, வடிவா வந்திட்டுதாம். படத்தில அம்மா வைச்சிருக்கிறது தான் காசு கட்டின பால்மா இல்லையாம்."

அதற்கு டிஎன்எஸ்ஸில் பதிவு இல்லை என்று சொல்லிவிட்டுப் படுத்தேன்.